திரைப்பட உழைப்பும் மறுபயன் ஊதியமும்: ஹொலிவூட் தொழிலுறவுகள் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படத்தைக் கலையாக நோக்கும் ஆய்வுகள் நம்மிடையே பலவுள. அது ஓர் உற்பத்தித் தொழில் என்பதும், அதனுள் உழைப்போருக்கும் உடைமையாளருக்குமிடையே முரண்பாடு செயற்படுகின்றது என்பதும் அத்துணை கவனத்தைப் பெறவில்லை. அம்முரண்பாட்டின் தன்மையை அமெரிக்காவின் ஹொலிவூட் வரலாற்றின் வழி இங்கு ஆராய்வோம்.

ஏனைய தொழில்களினின்றும் திரைப்படத் தொழிலை வேறுபடுத்தும் அம்சங்கள் இரண்டு. ஒன்று, படம் முடிந்ததும் அதனை ஆக்கிய தொழிலாளர் குழு கலைந்துவிடுகின்றது. மற்றையது, உழைப்பு சில வாரங்களில் முடிவடைய, அதன் விளைபொருள் பல்லாண்டுகள் வருவாய் ஈட்டுகின்றது. அவ்வருவாயில் உழைத்தவருக்குப் பங்குண்டா என்பதே இத்துறையின் அடிப்படை வினாவாகும்.

1930களில் நிறுவனங்கள் நடிகரை நீண்டகால ஒப்பந்தங்களாற் பிணைத்திருந்தன. கொடுத்த வேடத்தை மறுத்தவர் ஊதியமின்றி இடைநிறுத்தப்பட்டார். இடைநிறுத்தப்பட்ட காலமும் ஒப்பந்தத்துடன் கூட்டப்பட்டது. 1933 இல் நடிகர் சங்கமும் எழுத்தாளர் சங்கமும் தோன்றின. 1935 ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம் கூட்டுப் பேரம்பேசும் உரிமையை உறுதிப்படுத்த, 1937 இல் நடிகர் சங்கத்தை நிறுவனங்கள் அங்கீகரித்தன. வோணர் சகோதரர் நிறுவனத்துக்கெதிராக நடிகை ஒலிவியா டி ஹவிலண்ட் தொடுத்த வழக்கில், ஏழாண்டுகளுக்கு மேல் எவரையும் ஒப்பந்தத்தாற் பிணைத்தலாகாதெனக் கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 1944 இல் தீர்ப்பளித்தது.

ஆயினும், நீண்டகால ஒப்பந்தமுறை தளர்ந்தபோது நிரந்தர ஊதியமும் மறைந்தது. 1948 இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்றின் விளைவாக நிறுவனங்கள் தம் திரையரங்குகளை இழக்க நேர்ந்தது, தொலைக்காட்சியும் பரவியது. பழைய படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டபோது நடித்தோருக்கு எதுவும் கிடைக்கவில்லை. 1960 இல் எழுத்தாளரும், றொனால்ட் றேகனின் தலைமையில் நடிகரும் வேலைநிறுத்தஞ் செய்தனர். அவ்வாண்டு முதல் தயாரிக்கப்படும் படங்களுக்கு மறுபயன் ஊதியம் வழங்க நிறுவனங்கள் இணங்கின. முந்திய படங்களுக்கான உரிமை கைவிடப்பட்டது. அதற்கீடாக ஓய்வூதிய, மருத்துவ நிதிகளுக்கு ஒரு தொகை வழங்கப்பட்டது. இவ்வூதியத்தைச் சலுகையெனக் கொள்ளல் பொருந்தாது. வேலையற்ற மாதங்களில் உழைப்பாளியைத் தாங்கும் பிற்போடப்பட்ட கூலியே அது.

இணையவழித் திரையிடல் இவ்வேற்பாட்டின் அடித்தளத்தையே அசைத்தது. சந்தா முறையில் ஒவ்வொரு காட்சிக்கும் தனி விலை இல்லை. ஆதலின் பங்கைக் கணிக்கும் அளவுகோல் மங்கியது. 2023 இல் எழுத்தாளர் 148 நாட்களும் நடிகர் 118 நாட்களும் வேலைநிறுத்தஞ் செய்தனர். பெருமளவிற் பார்க்கப்படும் படைப்புகளுக்கு மேலதிகக் கொடுப்பனவும், நடிகரின் கணினிப் பிரதியைப் பயன்படுத்த அவரது சம்மதமும் ஊதியமும் வேண்டுமென்ற விதியும் அவற்றின் பேறுகளாம்.

ஆயின், தச்சர், மின்னியலாளர், தையற்காரர் ஆகியோருக்கு மறுபயன் வருவாய் தனியூதியமாகக் கிடைப்பதில்லை. அது அவர்தம் ஓய்வூதிய, மருத்துவ நிதிகளையே சேர்கின்றது. 2023 இல் படப்பிடிப்புகள் நின்றபோது அவர்களும் தம் கூலியை இழந்தனர். திரையிற் பெயர் தோன்றும் உழைப்புக்கும் தோன்றா உழைப்புக்குமிடையிலான இவ்விடைவெளி குறையாதவரை, இத்துறையில் தொழிலாளர் ஒற்றுமை முழுமை பெற்றதெனக் கூறவியலாது.