ஏரிக்கரையில் சைக்கிளுக்குத் தனிப் பாதை ஏன்?

மாணவர்களே, சனிக்கிழமை மாலை ஜூரோங் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறீர்களா? தாத்தா மெல்ல நடப்பார். குழந்தை பந்தைத் துரத்தும். பின்னால் சைக்கிள் மணி ஒலிக்கும். எல்லாருக்கும் ஒரே பாதை போதுமா? இயற்பியலைக் கேட்போம்.

நடப்பவரின் வேகம் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர். சிங்கப்பூரில் நடப்போரும் சைக்கிளோட்டிகளும் பகிரும் பாதைகளில் உச்ச வேகம் 25 கிலோமீட்டர். வேகம் ஐந்து மடங்குதான். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எடை ஒன்றாக இருந்தாலும் ஆற்றல் 25 மடங்கு!

மேலும், அந்த வேகத்தில் ஒரு விநாடியில் ஏறக்குறைய 7 மீட்டர் கடந்துவிடுவோம். குறுக்கே ஓடும் குழந்தையைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கவே ஒரு விநாடி ஆகலாம்.

அப்படியானால் சைக்கிளைச் சாலைக்கு அனுப்பலாமா? 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,500 கிலோ காரின் ஆற்றல், 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் 80 கிலோ சைக்கிளோட்டியின் ஆற்றலைப்போல் 75 மடங்கு. வெள்ளைக் கோடு காரைத் தடுக்காது. உயர்ந்த கல் விளிம்போ செடி வரிசையோ இடையில் வேண்டும்.

இடம் இருக்கிறதா? லிட்டில் இந்தியாவுக்கு அருகே பென்கூலன் ஸ்திரீட்டில் 2017இல் நான்கு தடங்களில் இரண்டை எடுத்து, அகன்ற நடைபாதையும் சைக்கிள் பாதையும் அமைத்தார்கள். நெரிசலான நகரிலேயே முடிந்தது, ஏரியைச் சுற்றி முடியாதா?

2030க்குள் தீவெங்கும் சுமார் 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதை அமைப்பது இலக்கு. நீளம் மட்டும் போதாது, பிரிப்பும் தேவை. அடுத்த முறை ஏரிக்கரையில் பத்து நிமிடம் நின்று நடப்போரையும் சைக்கிள்களையும் எண்ணுங்கள். பாதையின் அகலத்தையும் அளந்து, நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதுங்கள். அளந்து சொன்ன கோரிக்கைக்கு வலு அதிகம்.