துறையும் நீரும் இல்லாப் பட்டினம்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலைத் தொடரும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கிற் பிறந்தவன் யான். எங்கள் பக்கத்தார்க்குக் கடல் என்பது நிலப்படத்தில் நீலநிறந் தீட்டிய ஓரிடமே. ஆயினும் சென்னை மாநகரை அறியாதார் எங்களுள் ஒருவருமிலர். பள்ளத்தாக்கின் வாழையும் திராட்சையும் லாரியேறி அங்குள்ள கோயம்பேட்டுச் சந்தைக்குச் செல்கின்றன. 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதற்கொண்டு போடிநாயக்கனூரினின்று சென்னைக்கு நேரே புகைவண்டியும் செல்கின்றது.

2019-ஆம் ஆண்டுக் கோடையில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாய், அந்நகரில் வாழும் சிற்றப்பா இல்லத்திற்கு முதன்முறை சென்றேன். கடலைக் காணும் ஆவலோடு சென்ற என் கண்ணில் முதலிற் பட்டது கடலன்று; தெருமுனையில் தண்ணீர் லாரியை எதிர்நோக்கி நீண்டு கிடந்த குடவரிசையே. இத்துணைப் பெரிய நகரத்தை நீரில்லா இடத்தில் ஏன் அமைத்தனர் என்று அன்று எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பெருநகரங்கள் பலவும் ஆற்றையோ இயற்கைத் துறைமுகத்தையோ பற்றி வளர்ந்தவை. இலண்டனுக்குத் தேம்ஸ் உண்டு; கல்கத்தாவுக்கு ஊக்ளி உண்டு; பம்பாய்க்குக் கப்பல்கள் அச்சமின்றித் தங்கும் ஆழ்ந்த குடா உண்டு. சென்னைக்கோ இவற்றுள் ஒன்றேனும் இல்லை. கூவமும் அடையாறும் மழைக்காலத்தன்றிப் பெருக்கெடாதவை. அவற்றின் முகத்துவாரங்களையும் மணல் அடைத்துக்கொள்ளும். கரையோ வளைவின்றி நேராய் நீண்டது, அலையோ ஓயாதது.

இவ்விடத்தை ஆங்கிலக் கம்பெனியின் ஊழியராகிய பிரான்சிஸ் டே என்பார் தேர்ந்ததற்குக் காரணம் கடலன்று, துணியே. நல்ல பருத்தியாடைகள் இப்பக்கத்தில் மலிவாய்க் கிடைத்தன. தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரும் கோட்டை கட்டிக்கொள்ள இசைந்து, 1639-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நிலம் அளித்தார். அவருடைய தந்தையார் சென்னப்பரின் பெயரே சென்னைக்கு வழங்குவதாயிற்று என்பர். ஆயின் அதற்குமுன் அங்கு மக்களில்லை என்று எண்ணற்க. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கோட்டைக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. புனித தோமையார் கல்லறை உள்ளதென மக்கள் வணங்கிவந்த சாந்தோமிற் போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே குடியேறியிருந்தனர். பழைய ஊர்கள் பல இணைந்ததே இம்மாநகர்.

கப்பல்கள் கரையை நெருங்கலாகாமையின், நெடுந்தூரம் அப்பால் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் அலைகடந்து கொணர்ந்தவர் நம் மீனவர். அவர்க்குதவியவை கட்டுமரமும் மசூலாப் படகும். இப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றாற் தைக்கப்பட்டவை. ஆணியடித்த படகு அலை மோதுங்கால் இறுகி நின்று பிளந்துபோகும். தைத்த படகோ அலைக்கேற்ப நெகிழ்ந்து கொடுக்கும். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுக்காலம் சென்னையின் வாணிகம் முழுவதையும் தாங்கியது இக்கயிறே எனல் மிகையன்று. கோட்டையைக் கட்டியோர் பெயரை ஏட்டிற் காண்கின்றோம். படகு வலித்தோர் பெயரைக் காண்கிலோம்.

செயற்கைத் துறைமுகத்திற்கு 1875-ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுள் நீட்டிய கற்சுவர்களை 1881-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு புயல் தகர்த்தது. மீண்டும் கட்டினர். கிழக்கு வாயில் வழியே அலையும் மணலும் புகுந்து அல்லற்படுத்தவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதனை அடைத்து வடகிழக்கில் வேறு வாயில் திறந்தார்.

மணலின் செய்தி வியப்புடையது. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கினின்று வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கும். துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தது. தடையுண்ட மணல் தென்புறத்தே குவிந்தமையால், நாம் மாலையில் உலவும் மெரினாக் கடற்கரை அகன்றது. வடபுறத்து இராயபுரத்திற்கு வரவேண்டிய மணல் வாராமையின் அங்குக் கடல் கரையைத் தின்னலாயிற்று. அலையைத் தடுக்கப் பாறைகளை இன்றும் அடுக்கிவருகின்றனர். தென்னகத்தின் முதற் புகைவண்டி 1856-இற் புறப்பட்ட இராயபுரத்தார், பிறர் பெற்ற கடற்கரைக்குத் தம் கரையை விலையாகக் கொடுத்தனர். மெரினாவைப் புகழ்வோர் இதனை எண்ணுவது அரிது.

1876 முதல் 1878 வரை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் சென்னையையும் எங்கள் பள்ளத்தாக்கையும் ஒருங்கே தொட்டது. சென்னையிற் பசித்து வந்த மக்களைக்கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயை வெட்டினர். ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகன் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. எங்கள் பக்கத்திலோ, பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் நெடுநாளைய எண்ணம் உறுதிபெற்றது. பென்னிகுவிக் துரை கட்டிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. மேலைக்கடலுக்கு ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே எங்கள் வயல்களுக்கு இறங்கிற்று. பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் சுமந்த தோணிகள் இன்றில்லை. பறக்கும் ரயிலின் தூண்களுக்கடியிற் சாக்கடையே ஓடுகின்றது.

சென்னையின் நீர்க்குறைக்கு மழையின்மை காரணமன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. ஆனால் அதிற் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கொட்டிவிடும். அதனைத் தேக்கவே முன்னோர் ஏரிகளை அமைத்தனர். மாம்பலத்து நெடிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராயநகராயிற்று. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கின்றது. வான்சிறப்பு என ஓர் அதிகாரமே வகுத்த புலவர்க்கு ஏரியைத் தூர்த்து மண்டபம் எடுத்தது, தமிழ் பயிலும் எனக்குச் சிறிது நாணம் தருகின்றது.

அருகிலிருந்த நீரை இழந்த நகரம் தொலைவில் தேடிற்று. 1944-இற் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தது. 1996-இற் கிருஷ்ணை நீர் வந்தது. 2004-இற் சோழர் காலத்து வீராணம் ஏரியினின்று குழாய் வந்தது. 2010 முதல் மீஞ்சூரிற் கடல்நீரையே குடிநீராக்குகின்றனர். இடையே 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வீடுகளை மூழ்கடித்தது. நான்காண்டிற்குள், 2019 ஜூலையில், சோலையார்பேட்டையினின்று 25 இலட்சம் லிட்டர் நீருடன் ஒரு ரயில் வந்தது. இவ்விரண்டையும் கண்டது ஒரே ஊர்.

அந்த ரயில் வருமுன்னரே யான் ஊர் திரும்பிவிட்டேன். குடவரிசையில் என் முன் நின்ற மூதாட்டியார், "எந்த ஊர், தம்பி?" என்று வினவினார். "கம்பம் பக்கம், பாட்டி. எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடும்," என்று சிறிது செருக்குடன் கூறினேன்.

"உங்கள் ஊர்த் தண்ணீரா, வேறெங்கிருந்தாவது வருவதா?" என்றார் அவர்.

"மலைக்கு அந்தப் புறத்திலிருந்து வருவது, பாட்டி," என்றேன்.

அவர் நகைத்தார். அதற்குள் லாரி வந்துவிடவே, குடத்தைக் காலால் முன்னே தள்ளிக்கொண்டு நகர்ந்தார்.