எத்தனை அடுப்பு எரிகிறது?

“சென்ற ஏழு நாட்களில் எத்தனை முட்டை வாங்கினீர்கள்?” முன்பின் அறியாத ஒருவர் வாசலில் நின்று இவ்வாறு வினவினால் நமக்கு முதலில் சிரிப்பு வரும், மறுகணமே ஐயமும் வரும். 2023-ஆம் ஆண்டில், திருச்சி பாலக்கரையில் ஒரு குடும்பத் தலைவி நம்மிடம் சொன்னார்: “ரேஷன் அட்டையில் கை வைத்துவிடுவார்களோ என்று பயந்து பாதியைத்தான் சொன்னேன்.”

வந்தவர் தேசிய மாதிரி ஆய்வின் கணக்கெடுப்பாளர். பேராசிரியர் மகாலனோபிஸ் வகுத்த வழியில் 1950-இல் தொடங்கிய பணி இது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே இதன் முறை. 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரை நாடெங்கும் 2,61,746 குடும்பங்களில் செலவுக் கணக்கு கேட்டார்கள். மீன், முட்டை, காய்கறிக்கு ஏழு நாள் கணக்கு; அரிசி, பருப்புக்கு முப்பது நாள்; துணிமணிக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் ஓராண்டு. ஒரே மூச்சில் கேட்டால் சலிப்பார்கள் என்று, ஒரே வீட்டிற்கு மூன்று முறை சென்றார்கள்.

குடும்பம் என்பது எது? இங்கேதான் சுவையான சிக்கல். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில், நீண்டு உட்செல்லும் பழைய வீடுகளைக் கண்டிருப்பீர்கள். முன்கட்டில் உரிமையாளர், நடுவே வாடகைக் குடித்தனம், பின்கட்டில் மணமான மகன் என்றிருந்தால், அது ஒன்றா, மூன்றா? ஒரே உலையில் பொங்கி உண்போர் ஒரு குடும்பம் என்பது ஆய்வின் விதி. மகன் தனி அடுப்பு மூட்டினால் அவன் தனிக் குடும்பமே. மாமியார்களுக்கு இவ்விதி பிடிக்காதிருக்கலாம்! 2018-இல் நடந்த 76-ஆவது சுற்றோ சுவர், கூரை, கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றையும் விசாரித்தது.

எண்ணப்படுவதில் மனிதருக்கு என்றுமே தயக்கம் உண்டு. தாவீது அரசர் மக்களை எண்ணியது குற்றமாயிற்று. சூசையப்பரோ பேரெழுதப் பெத்லகேம் சென்றார். குடிமதிப்புக்குப் போன அக்குடும்பத்திற்கே தங்க இடமில்லை!

தமிழகத்தில் ஒருவருக்கு ஒரு மாதச் செலவு, சராசரியாக, கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய் என்றது 2022-23 ஆய்வு. இதில் சொந்த வீட்டிற்கு வாடகை மதிப்புச் சேராது. வாடகைக்கு இருப்போர் கொடுப்பது சேரும். எனவே அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிட்டு ஏங்க வேண்டாம். 2017-18 ஆய்வின் முடிவுகளைத் தரக்குறைவு எனக் கூறி 2019-இல் அரசு வெளியிடாது விட்டதால், பல்லாண்டுகள் 2011-12-ஆம் ஆண்டுக் கணக்கே கையிருப்பாயிற்று. விலைவாசிக் குறியீட்டில் அரிசிக்கு எவ்வளவு எடை, மருந்துக்கு எவ்வளவு என்பதை இவ்வாய்வின் கணக்கே நிர்ணயிக்கிறது. பழைய தட்டில் இன்றைய சுமையை நிறுத்தால் துன்புறுபவர் ஏழையே.

கணவர்மார் முன்வந்து விடை சொல்லும் வீடுகளில் உப்பு விலை தவறும், மதுச்செலவு மறையும். கடைக்குச் செல்பவரே பதில் சொல்லட்டும் என்போம். சொன்னவை புள்ளிவிவரத்திற்கன்றி வேறெதற்கும் பயன்படலாகாது என்பது 2008-ஆம் ஆண்டுச் சட்டம்.

இதைப் பாலக்கரை அம்மையாருக்கு எடுத்துரைத்தோம். மறுமாதம் கணக்கெடுப்பாளர் வந்தபோது, விட்டுப்போன மீன் செலவையும் சேர்க்கச் சொன்னாராம். “வட்டிக்கு வாங்கிய கடனையும் சொல்லிவிட்டேன்,” என்றார், குரலைத் தாழ்த்தி.