கழுத்தை ஒடிக்கும் பூஞ்சாணம்

நெல்லையும் ராகியையும் அழிக்கும் குலை நோய்க் கிருமி அச்சு மாறாமலும் பெருகும். ஆளை ஏமாற்றும்படி மாறவும் செய்யும்

கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டது. தங்கம் நின்றது. சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் ராகி நிற்கவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த தமிழர்களுக்கு அது களி. பக்கத்து கிராமத்துக் கன்னடர்களுக்கு முத்தே. இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: குலை நோய். ஏரித் தண்ணீரில் விளையும் நெல்லையும் அது விடுவதில்லை.

வானம் மூடி, தூறல் விழுந்து, இலையில் ஈரம் தங்கினால் போதும். கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்து கருத்து ஒடிந்தால் மிஞ்சுவது பதர். இத்தனைக்கும் காரணமான வித்துக்கு மூன்றே அறைகள். இலையில் ஒட்டிக்கொண்டு ஒரு குமிழை உண்டாக்கி, கார் டயரில் உள்ளதைப் போலச் சுமார் 40 மடங்கு அழுத்தத்தை அதில் ஏற்றி, இலைத்தோலைத் துளைத்து இறங்குகிறது.

தஞ்சை டெல்டா இந்த அடியை 1919லேயே வாங்கியது. பிற்பாடு கோவை விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்த கோ 4 ரகம் நோயைத் தாங்கியது. அதை ஆடுதுறை 10 ரகத்தோடு இணைத்துப் பிறந்தது கோ 25. ஆனால் தாங்கும் ரகம் என்றென்றும் தாங்குவதில்லை. தென்கொரியா 1970களின் தொடக்கத்தில் பெருமையோடு பரப்பிய தொங்கில் நெல், 1978இல் குலை நோயிடம் தோற்றது.

எப்படி? வயலில் இந்தப் பூஞ்சாணம் பெரும்பாலும் ஆண், பெண் சேர்க்கை இல்லாமலே பெருகுகிறது. பிள்ளை தாயின் அச்சு. ஆனால் 2005இல் வெளியான அதன் மரபு வரைபடம் வேறு கதையையும் சொன்னது. சுமார் 11,000 மரபணுக்களுக்கு நடுவே இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் ஏராளம். பயிரின் எதிர்ப்பு மரபணு ஒரு காவல்காரன். பூஞ்சாணம் சுரக்கும் குறிப்பிட்ட புரதத்தை வைத்துத்தான் திருடனை அடையாளம் காண்கிறது. திருடன் புது ஆயுதம் தேட வேண்டியதில்லை, அந்த அடையாளத்தைத் தொலைத்தால் போதும். இத்தகைய மரபணுக்களில் சில, எளிதில் சிதையும் குரோமோசோம் நுனிகளில் இருப்பது அவனுக்கு வசதி.

மாறாமல் இருப்பதும் ஆபத்துதான். பிரேசிலில் 1985இல் கோதுமையைப் பிடித்த குலை நோய், 2016இல் வங்கதேசத்தில் தலைகாட்டியது. மரபணுக்களை ஒப்பிட்டபோது, தென்னமெரிக்காவில் உலவும் ஒரே வம்சத்தின் வாரிசு என்று தெரிந்தது. கடல் தாண்டியும் அச்சு கலையவில்லை.

ராகியைத் தாக்கும் பிரிவு பொதுவாக நெல்லைத் தொடுவதில்லை. ஆகவே ராகிக்காரர் மீது நெல்காரர் பழிபோட வேண்டியதில்லை. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் 1990களில் வெளியிட்ட ஜி.பி.யு. 28, குலை நோயைத் தாங்கும் ராகி. கர்நாடகத்தில் பரவலாகப் பயிராகிறது. அங்கேதான் கவலையும். ஊர் முழுக்க ஒரே பூட்டு என்றால், திருடனுக்கு ஒரு சாவி போதும்.

ஜப்பானின் நீகாட்டா மாவட்டம் 2005 முதல் வேறு வழியில் போகிறது. அங்கே புகழ்பெற்ற கோஷிஹிகாரி நெல்லிலேயே வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்களை ஏற்றி, அந்த விதைகளைக் கலந்து விதைக்கிறார்கள். வயலில் எந்தப் பூஞ்சாண இனம் தலைதூக்குகிறதோ, அதற்கேற்பக் கலவையை மாற்றுகிறார்கள்.