அபயம் பெற்றவர்களின் அமானிதம்

பிறந்த மண்ணை விட்டு மேலை நாடுகளில் குடியேறி வாழும் முஸ்லிம்களின் தொகை கடந்த அரை நூற்றாண்டில் பெருகியுள்ளது. 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் சுமார் 39 இலட்சம் முஸ்லிம்கள் வாழ்கின்றனர்; இது அங்குள்ள மக்களில் 6.5 விழுக்காடு. அவர்களுள் தமிழ் பேசும் நம் சகோதரர்களும் இருக்கின்றனர். அவர்களிடமிருந்து அரபிக் கல்லூரிகளுக்கு வரும் வினாக்கள் பெரும்பாலும் உணவு, உடை, வங்கிக் கடன் ஆகியவை பற்றியனவாகவே இருக்கும். ஆனால், நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி வேறு வகையானது.

அவர் இங்கிலாந்தில் குடியுரிமை பெற்று வாழ்பவர். வேலையில்லாத காலத்தில் அந்நாட்டு அரசு தரும் உதவித்தொகையைப் பெற்றார். பின்னர் வேலை கிடைத்தது. அதனை உரிய அலுவலகத்திற்கு அறிவிக்காமலே ஏழு மாதங்கள் அத்தொகையைத் தொடர்ந்து வாங்கிவந்தார். 'இது முஸ்லிமல்லாதோரின் அரசுப் பணம். எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை' என்று உடனிருந்தோர் சிலர் அவருக்குச் சொல்லியிருந்தனர். அப்பணத்தைச் சேர்த்துத் தம் தாயாரை ஹஜ்ஜுக்கு அனுப்பலாமா என்பதே அவர் கேட்ட கேள்வி.

கேள்வியின் முற்பகுதி நமக்கு வருத்தம் தந்தது. பிற்பகுதி அச்சம் தந்தது. தொழுகையைப் பேணுகிற, தாயை நேசிக்கிற ஒரு முஸ்லிமின் உள்ளத்தில் இவ்விரண்டும் அருகருகே எவ்வாறு இடம்பெற்றன? இக்கேள்விக்கான விடையை நம் வரலாற்றின் தொடக்கத்திலிருந்தே தேட வேண்டியுள்ளது.

முதல் அடைக்கலம்

முஸ்லிம்கள் முஸ்லிமல்லாத அரசின் கீழ் குடியேறி வாழ்வது இன்று நேர்ந்த புதுமையன்று. கி.பி. 615இல், மதீனா ஹிஜ்ரத்திற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே, மக்காவின் கொடுமை தாளாத நபித்தோழர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் அனுமதியோடு செங்கடலைக் கடந்து அபிசீனியா சென்றனர். அடுத்துச் சென்றவர்களையும் சேர்த்து எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்களும் அவர்களுடன் பெண்களும் அங்குத் தங்கினர். அந்நாட்டை ஆண்டவர் நஜ்ஜாஷி என்னும் கிறிஸ்தவ மன்னர். அவரிடத்தில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை என்பதே பெருமானார் (ஸல்) அவர்கள் அந்நாட்டைத் தேர்ந்ததற்குச் சொன்ன காரணம்.

மக்காவாசிகள் பரிசுப் பொருள்களுடன் தூதர்களை அனுப்பி, அகதிகளைத் திருப்பி அனுப்புமாறு வேண்டியபோது, ஜஃபர் (ரலி) அவர்கள் அரசவையில் எழுந்து பேசினார்கள். அப்பேச்சின் கருத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஓரிறை வணக்கத்தைச் சொன்ன கையோடு, உண்மை பேசுதல், அமானிதத்தை ஒப்படைத்தல், உறவைப் பேணுதல், அண்டை வீட்டாரிடம் நல்ல முறையில் நடத்தல் ஆகியவற்றையே தம் நபி கற்பித்ததாக அவர்கள் எடுத்துரைத்தார்கள். அந்நிய மண்ணில் இஸ்லாத்திற்குக் கிடைத்த முதல் அறிமுகம் இது.

மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றி வினவப்பட்டபோது, விளைவு எதுவானாலும் மார்க்கம் சொன்னதையே சொல்வது என அவர்கள் முடிவு செய்து, அவ்வாறே சொன்னார்கள். மன்னரின் முன் சிரம் பணியவும் மறுத்தார்கள். தங்கியிருந்த நாட்டிற்கு விசுவாசமாக இருப்பதும், ஈமானில் வளைந்து கொடுக்காமல் இருப்பதும் அவர்களுக்கு ஒன்றோடொன்று மோதவில்லை.

பின்னர் நஜ்ஜாஷிக்கு எதிராக ஒருவன் ஆட்சியைக் கைப்பற்ற எழுந்தான். அப்போது தாங்கள் அடைந்த துயரத்தை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். முஸ்லிம்கள் மன்னரின் வெற்றிக்காக அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். இளைஞரான ஸுபைர் (ரலி) அவர்கள் காற்றடைத்த தோற்பையின் மீது நைல் நதியைக் கடந்து போர்க்களம் சென்று, வெற்றிச் செய்தியுடன் மீண்டார்கள். தமக்கு அபயம் தந்த நாட்டின் அமைதியைத் தம் நலனாகக் கருதியவர்களின் மனநிலை இது. மதீனாவில் முஸ்லிம்களின் அரசு அமைந்த பின்னும் ஜஃபர் (ரலி) அவர்களும் மற்றும் பலரும் ஹிஜ்ரி 7 (கி.பி. 628) வரை அங்கேயே வாழ்ந்தனர் என்பதும் கருதத்தக்கது.

அமான் என்னும் உடன்படிக்கை

அபிசீனியாவில் செயலாக இருந்ததை, பிற்கால இமாம்கள் சட்டமாக வகுத்தனர். பிறர் நாட்டில் அபயம் பெற்று நுழைபவருக்கு ஃபிக்ஹு நூல்களில் 'முஸ்தஃமின்' என்று பெயர். அவர் பெறும் அபயமே 'அமான்'. ஹனஃபி மத்ஹபின் பாடநூலாகிய ஹிதாயாவில் இதற்கெனத் தனிப் பாடம் உண்டு. அமான் பெற்று நுழைந்த முஸ்லிம் வணிகர் அந்நாட்டாரின் உயிருக்கோ உடைமைக்கோ ஊறு விளைவிக்கக் கூடாது. வஞ்சித்து எதையேனும் கொண்டு வந்துவிட்டால் அது தூய்மையற்ற உடைமை, அதனைத் தருமம் செய்துவிடுமாறு அவருக்கு ஆணையிடப்படும் என்பது அப்பாடத்தின் சாரம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் அல்உம்மு என்னும் நூலில் இதையே நிறுவுகிறார்கள். அவர்களிடமிருந்து இவர் அச்சமற்றிருப்பது போலவே, இவரிடமிருந்து அவர்களும் அச்சமற்றிருக்க வேண்டும் என்பது அன்னாரின் வாதம். ஹன்பலி மத்ஹபின் இப்னு குதாமா (ரஹ்) அவர்களோ, 'வஞ்சிக்க மாட்டேன்' என்று வாயால் சொல்லாவிடினும் அந்நிபந்தனை அமானுக்குள் அடங்கியிருப்பதாகவே கொள்கிறார்கள்.

இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இவ்விமாம்கள் பேசியது பெரும்பாலும் முஸ்லிம் அரசோடு போரில் இருந்த நாடுகளைப் பற்றி. பகை நாட்டிலேயே வஞ்சகம் ஹராம் என்றால், பள்ளிவாசல் கட்டவும், பாங்கு சொல்லவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் இடம் தந்துள்ள நாட்டில் அதன் நிலை என்ன?

இன்று ஒருவர் கடவுச்சீட்டில் பெறும் விசா ஓர் அமானே. மாணவராகச் செல்பவர் கல்விப் பருவத்தில் இத்தனை மணி நேரத்திற்கு மேல் வேலை செய்வதில்லை என்ற நிபந்தனையை ஏற்றே செல்கிறார். குடியுரிமை பெறுவோர் பிரிட்டனில் 2004 முதல் பொது நிகழ்ச்சியில் நின்று, அந்நாட்டுச் சட்டங்களைப் பேணுவதாக உறுதிமொழி கூறுகின்றனர். வாயால் சொல்லாத நிபந்தனையையே இமாம்கள் கட்டாயமாக்கினர் என்றால், சாட்சிகளின் முன் சொன்ன வாக்கு எவ்வளவு கனமானது! வாக்குறுதியைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படும் என்று திருக்குர்ஆனின் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கையில் வாக்குக் கொடுக்கப்பட்டவர் முஸ்லிமா அல்லரா என்ற பாகுபாடு இல்லை.

பெருமானாரின் தீர்ப்புகள்

ஹிஜ்ரத்தின் இரவில் தம்மைக் கொல்லத் திட்டமிட்ட மக்காவாசிகளின் பொருள்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்கென்றே அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள்.

ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களின் தந்தையாரும், போரில் கலந்துகொள்ள மாட்டோம் என்று குறைஷிகளிடம் வாக்களித்துவிட்டு வந்தனர். பத்ருப் போரில் ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம் அது. ஆயினும் அவ்வாக்கை நிறைவேற்றுமாறு கூறிப் பெருமானார் (ஸல்) அவர்கள் இருவரையும் போரிலிருந்து விலக்கினார்கள்.

முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இதனினும் தெளிவானது. இஸ்லாத்தை ஏற்பதற்கு முன் தம்முடன் பயணம் செய்த சிலரைக் கொன்று, அவர்கள் பொருளை எடுத்துக்கொண்டு வந்து அவர் இஸ்லாத்தில் இணைந்தார். அவரது இஸ்லாத்தை ஏற்ற பெருமானார் (ஸல்) அவர்கள், அப்பொருளுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று கூறிவிட்டார்கள். புகாரியில் இடம்பெறும் இச்செய்தியை விளக்கும் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், பரஸ்பர நம்பிக்கை நிலவும் நிலையில் முஸ்லிமல்லாதோரின் பொருளை வஞ்சகமாக எடுப்பது கூடாது என்று இதிலிருந்து சட்டம் எடுக்கிறார்கள்.

மேலை நாட்டு வாழ்வில் அறிஞர்கள் கருத்து வேறுபட்ட செய்திகள் உண்டு. வீட்டுக் கடன் அவற்றுள் ஒன்று. வேறு வழியற்ற நிலையில் குடியிருக்கும் வீட்டிற்கு அதனை ஐரோப்பிய ஃபத்வா அவை 1999இல் அனுமதித்தது, வேறு அறிஞர்கள் மறுத்தனர். போர் நாட்டில் முஸ்லிமல்லாதவரோடு செய்யும் வட்டி ஒப்பந்தத்தைப் பற்றி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் மற்ற இமாம்களுக்கும் உள்ள வேறுபாடும் அறியப்பட்டதே. ஆனால் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அளித்த சலுகையும் கொடுப்பவரின் முழு இசைவையும், வஞ்சகம் இன்மையையும் நிபந்தனையாகக் கொண்டது. ஆகவே பொய்க் கணக்கு, பொய் முகவரி, விசாவிற்காக மட்டும் பதியும் பொய்த் திருமணம் ஆகியவற்றிற்கு எந்த மத்ஹபிலும் புகலிடம் இல்லை.

நேரமும் தொழுகையும்

கொடுக்கல் வாங்கலில் நேர்மை நிலைக்க வேண்டுமாயின், உள்ளம் அல்லாஹ்வோடு தொடர்பறாமல் இருக்க வேண்டும். அத்தொடர்புக்கு அங்கே பெருஞ்சோதனை நேரத்தில் வருகிறது. டிசம்பர் மாதத்து லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவதால் லுஹர், அஸர், மஃரிபு மூன்றும் வேலை நேரத்திற்குள் அடங்குகின்றன. ஜூன் மாதத்திலோ இரவு ஒன்பதேகால் மணிக்கு மேல்தான் மஃரிபு. நள்ளிரவிலும் வானத்தின் ஒளி முற்றும் மறைவதில்லை. வோல்கா நதிக்கரையிலிருந்த புல்கார் நாட்டிற்கு கி.பி. 922இல் சென்ற இப்னு ஃபள்லான் இத்தகைய குறுகிய இரவுகளைக் கண்டு எழுதினார். அந்நாட்டு இஷாத் தொழுகை பற்றி ஹனஃபி அறிஞர்கள் விரிவாக விவாதித்தனர். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டளவு நீளும்போது தொழுகை நேரத்தைக் கணித்துத் தொழுமாறு கூறும் நபிமொழி, கணித்துத் தொழுவதற்கு வழி காட்டுகிறது. உள்ளூர் ஆலிம்கள் வகுத்த நேர அட்டவணையைப் பின்பற்றுவதே பொதுமக்களுக்கு ஏற்றது.

வேலையிடத்தில் இடைவேளைக்கு மேலாளரிடம் வெளிப்படையாகக் கேட்டுத் தொழ வேண்டும். ஒளிந்து தொழுதுவிட்டு அந்நேரத்தை வேலையாகக் கணக்குக் காட்டுவது, தொழுகையிலேயே அமானிதத்தை மீறுவதாகும்.

பிள்ளைகளும் அண்டை வீட்டாரும்

அபிசீனியாவில் பிறந்து வளர்ந்த சிறுமி உம்மு காலித் (ரலி). பெற்றோருடன் மதீனா வந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுமியிடம் 'அழகு' என்பதை அபிசீனிய மொழிச் சொல்லால் சொல்லி மகிழ்வித்தார்கள். அந்நிய நாட்டு மொழி குழந்தையின் நாவில் இருப்பதை அவர்கள் குறையாகக் காணவில்லை. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சிந்திக்கும் பிள்ளையைப் பழித்துப் பயனில்லை. அப்பிள்ளைக்குப் புரியும் மொழியில் மார்க்கத்தைக் கொண்டுசேர்ப்பதே பெற்றோர் கடமை. உதவித்தொகைப் படிவத்தில் தந்தை பொய் எழுதுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, வார இறுதி மதரஸாவில் கற்பிக்கப்படும் அமானிதப் பாடம் எப்படி ஏறும்?

அவ்வாறே, தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் விசாரித்தார்கள். மேலை நகரங்களில் தனித்து வாழும் முதியோர் பலர். அவர்களின் கதவைத் தட்டி நலம் கேட்பது, ஜஃபர் (ரலி) அவர்கள் அரசவையில் சொன்னதன் தொடர்ச்சியாகும்.

நம் பங்கு

குற்றத்தைக் கடல் கடந்தவர் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்குவது நியாயமன்று. மாடி வீடும் குமரு காரியமும் சொல்லி ஊரிலிருந்து அவர்களை நெருக்குவோர் நாமே. பணம் வந்ததா என்று கேட்கிறோம்; எவ்வாறு வந்தது என்று கேட்பதில்லை. பாடம் நடத்துவோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. ஹிதாயாவின் முஸ்தஃமின் பாடத்தை, இக்காலத்திற்குப் பயன்படாதது என்றெண்ணி விரைவாக நடத்திக் கடந்த ஆண்டுகள் நம் நினைவில் உள்ளன. அம்மாணவரும் அவ்வாறு நம்மிடம் ஓதிப் போனவரே.

அவருக்கு நாம் எழுதிய விடை சுருக்கமானது. அடியார்களின் உரிமை சார்ந்த பாவத்தில், பொருளை உரியவரிடம் சேர்க்காமல் தவ்பா முழுமை பெறாது. உரியவர் அறியப்படாதபோதே தருமம் செய்வது வழி. இங்கு உரியவர் தெரிந்த அரசு அலுவலகம். உண்மையை அறிவித்துத் திருப்பிச் செலுத்துக. அப்பணத்தில் ஹஜ் வேண்டாம். ஹலாலான பொருளும் வசதியும் அமையும் வரை தாயார் மீது ஹஜ் கடமையும் இல்லை.

அவர் அலுவலகத்திற்கு எழுதினார். மாதத் தவணையாகச் செலுத்திவருகிறார். தாயாரிடமும் காரணத்தை மறைக்கவில்லை. காத்திருப்பதாகத் தாயார் சொன்னாராம். அந்த ஹஜ் இன்னும் நிறைவேறவில்லை. அதற்கான நிய்யத்தின் கூலியை அல்லாஹ் வீணாக்க மாட்டான் என்று நம்புகிறோம்.

எந்த மண்ணில் வாழ்ந்தாலும் ஈமானைக் காத்து, வாக்கைப் பேணி, அமானிதத்தை ஒப்படைத்து வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.