எண்ணாயிரம் முகங்கள்

"வெறும் கூட்டம்தானே!" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. கூட்டத்திலே நிற்பவனுக்கு முகமேது, பெயரேது என்பது அவர்கள் வாதம். அவர்களைச் சீனத்து மண்ணுக்கு அழைக்கிறோம்!

1974-இல் சியான் நகருக்கருகே உழவர் சிலர் கிணறு தோண்டினர். மண்ணுக்குள்ளே சுட்ட களிமண் உருவங்கள் தட்டுப்பட்டன. தோண்டத் தோண்ட ஒரு படையே எழுந்தது. ஆளுயரச் சிலைகள், மொத்தம் 8,000 இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. கி.மு. 210-இல் மாண்ட பேரரசன் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவற்படை அது!

யார் அந்த மன்னன்? எடை ஒன்று, அளவு ஒன்று, எழுத்து ஒன்று, வண்டி அச்சின் நீளமும் ஒன்று என ஆணையிட்டவன். அவனுக்குப் படை செய்த தொழிலாளியோ, தலையை அச்சிலே வார்த்தான். பிறகு களிமண்ணைக் கையால் ஒட்டிச் செதுக்கினான். மீசை வேறு, புருவம் வேறு, கொண்டை வேறு. அணி ஒன்று, ஆள் வேறு!

இன்னொன்றும் கேளுங்கள், தோழர்களே! சில சிலைகளில் தலைமைக் கைவினைஞரின் பெயர் பொறித்திருக்கிறது. புகழ் பாடவா? இல்லை, பழுது கண்டால் பொறுப்பாக்க! கண்காணிக்கப் பொறித்த பெயரே 2,200 ஆண்டு கடந்து அவர்க்குப் புகழாயிற்று.

அவர்க்குக் கீழே மண் பிசைந்தவன் பெயர்? எழுதுவாரில்லை. அவன் செதுக்கிய முகமே அவன் கையொப்பம்.

இனி எவரேனும் "கூட்டம்தானே" என்றால், "எத்தனை முகம் பார்த்தீர், ஐயா?" என்று கேட்போம்!