யாத் பெயாத் பள்ளிகள்

யாத் பெயாத் (எபிரேயத்தில் "கையோடு கை") என்பது இசுரேலில் யூத, அரபுக் குழந்தைகள் ஒரே வகுப்பில் எபிரேயம், அரபு ஆகிய இரு மொழிகளிலும் கற்கும் பள்ளிகளின் வலையமைப்பு ஆகும். அரபு மாணவர்களுள் பெரும்பான்மையோர் முசுலிம்கள், கிறித்தவர்களும் உள்ளனர்.

பின்னணி

இசுரேலின் பொதுக்கல்வியில் யூதக் குழந்தைகளுக்கும் அரபுக் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளே உள்ளன. இதனால் இரு தரப்பு ஆசிரியர்களும் ஒருவரோடொருவர் பணியாற்றும் வாய்ப்பு அரிது. இந்நிலையை மாற்ற அமீன் கலாஃப், லீ கோர்டன் ஆகியோர் 1997ல் இவ்வமைப்பைத் தொடங்கினர். முதல் இரு பள்ளிகள் 1998ல் எருசலேமிலும் கலிலேயாவிலும் திறக்கப்பட்டன. 2004ல் காபர் கரா என்னும் முசுலிம் ஊரில் மூன்றாவது பள்ளி தொடங்கியது. யூதக் குழந்தைகள் அரபு ஊருக்குச் சென்று படிப்பது அங்கு புதுமையாக இருந்தது.

வகுப்பறை

தொடக்க வகுப்புகளில் ஒரு யூத ஆசிரியரும் ஓர் அரபு ஆசிரியரும் இணைந்து பாடம் நடத்துவர். ஒவ்வொருவரும் தம் மொழியிலேயே பேசுவர். ஒருவர் கூறியதை மற்றவர் மொழிபெயர்ப்பதில்லை. எனவே எதை, எச்சொல்லால் கற்பிப்பது என்று இருவரும் முன்கூட்டியே உடன்பட வேண்டியுள்ளது. இத்திட்டமிடலே இப்பள்ளிகளில் நாள்தோறும் நிகழும் உரையாடலாகும்.

விழாக்களும் நினைவு நாட்களும்

அனுக்கா, நோன்புப் பெருநாள், கிறித்துமசு ஆகிய விழாக்கள் பொதுவாகக் கொண்டாடப்படுகின்றன. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவி பெக்கர்மன், சமய விழாக்களில் எளிதாக ஒன்றுபடும் ஆசிரியர்கள் தேசிய நினைவு நாட்களில் இடர்ப்படுவதைக் குறிப்பிட்டுள்ளார். இசுரேலின் விடுதலை நாள், பாலத்தீனர்களுக்கு 1948ன் இடப்பெயர்வை நினைவூட்டும் நக்பா ஆகும். விடுதலை நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கும் அரசு நிதி பெறும் அமைப்புகளின் நிதியைக் குறைக்க 2011ல் இயற்றப்பட்ட சட்டம் இடமளிக்கிறது.

இடர்கள்

மொழிச் சமநிலை எளிதாகக் கிட்டவில்லை. நாட்டில் எபிரேயமே மேலோங்கி இருப்பதால் அரபு மாணவர்கள் இரு மொழிகளிலும் தேர்ச்சி பெறுகின்றனர். யூத மாணவர்களின் அரபுத் திறன் பின்தங்குகிறது. 2018ல் இயற்றப்பட்ட தேசிய அரசுச் சட்டம் அரபு மொழியின் ஆட்சிமொழித் தகுதியை நீக்கி, அதற்குச் சிறப்புத் தகுதி மட்டும் வழங்கியது.

நவம்பர் 29, 2014 அன்று எருசலேம் பள்ளியின் முதலாம் வகுப்பறை ஒன்று தீவைக்கப்பட்டது. தீவிர யூத வலதுசாரிகள் மூவர் இக்குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டனர். பள்ளி மூடப்படவில்லை. அக்டோபர் 2023ல் போர் மூண்ட பின்னரும் இப்பள்ளிகள் தொடர்ந்து இயங்கின.